யுஸ்ஸி பியோர்லிங்: அந்தக் குரல் நிஜமாகவே 'சில்லென்று' இருக்கிறதா?

#1 தேன்கூடு

எல்லோருக்கும் வணக்கம். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் நான் கடைக்குட்டி. போன வாரம் ராத்திரி வேறு எதையோ தேடப்போய், பிஸே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் 'முத்துக் குளிப்பவர்கள்' ஓபராவில் (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) வரும் இரட்டைப் பாட்டு காதில் விழுந்தது. இரண்டு ஆண் குரல்கள். ஒருவர் பாரிட்டோன், அதாவது நடுத்தர ஆண் குரல், ராபர்ட் மெரில் என்று போட்டிருந்தது. இன்னொருவர் டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரல், யுஸ்ஸி பியோர்லிங். அந்த டெனர் மேலே போகும்போது கஷ்டப்படுகிற மாதிரியே தெரியவில்லை. மாடிப்படி ஏறுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் மொட்டை மாடிக்கு வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் தேடிப் பார்த்தால் பாதிப் பேர் 'நூற்றாண்டின் குரல்' என்கிறார்கள். மீதிப் பேர் 'அழகுதான், ஆனால் சில்லென்ற குரல், உணர்ச்சி கம்மி' என்கிறார்கள். ஒரே குரலைப் பற்றி இப்படி இரண்டு பேச்சு எப்படி வரும்? யார் இவர்? எங்கே ஆரம்பித்துக் கேட்பது?

#2 ஷெல்லாக்_தட்டு

வாங்க தம்பி. நல்ல வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறீர்கள். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

1911 பிப்ரவரியில் ஸ்வீடனின் டாலர்னா பகுதியில் போர்லெங்கேயில் பிறந்தவர். முழுப் பெயர் யூஹான் யூனதான் பியோர்லிங். 'யுஸ்ஸி' என்பது பின்லாந்துக்காரப் பாட்டி வைத்த செல்லப் பெயர், அதுவே நிலைத்துவிட்டது. பிறந்த தேதியிலும் ஒரு கூத்து. மருத்துவச்சியின் பதிவில் 5ஆம் தேதி, ஞானஸ்நானப் பதிவில் தவறுதலாக 2ஆம் தேதி. மனிதர் ஆயுள் முழுக்க 2ஆம் தேதியில்தான் பிறந்தநாள் கொண்டாடினார்.

அப்பா டேவிட் பியோர்லிங்கும் டெனர். அமெரிக்கா போய், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பள்ளியில் படித்தவர். பெரிய மேடை வாழ்க்கை அவருக்கு அமையவில்லை. அதனால் தன் மூன்று பையன்களையும் சேர்த்துக்கொண்டு 'பியோர்லிங் ஆண்கள் நால்வர்' என்று ஒரு குழு கட்டினார். முதல் கச்சேரி 1915 டிசம்பரில். யுஸ்ஸிக்கு அப்போது வயது நாலு. 'ஆண்கள்' என்ற பெயரைப் பாருங்கள், அதில் மூன்று பேருக்கு இன்னும் பல் விழுந்து முளைக்கவில்லை.

1917இல் அம்மா காலமானார். 1919 முதல் 1921 வரை அப்பா பையன்களை அமெரிக்கா முழுக்க ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பாடவைத்தார். அங்கேதான் 1920இல் கொலம்பியா கம்பெனிக்கு முதல் இசைத்தட்டு. மைக் வராத காலம். பெரிய புனல் முன்னால் நின்று கத்தினால் ஊசி மெழுகில் கீறும், அவ்வளவுதான். 1926இல் அப்பாவும் போய்விட்டார். யுஸ்ஸிக்கு வயது 15.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். கை வலிக்கிறது.

#3 நாலாம்_வரிசை

தேன்கூடு, அந்த 'மீதிப் பேரில்' நானும் ஒருவன். குரல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் இத்தாலிய டெனர்கள் டி ஸ்டெஃபானோவைக் கேளுங்கள், கொரெல்லியைக் கேளுங்கள். அவர்கள் பாடினால் ஒரு ஆள் காதலிக்கிறான், பொறாமைப்படுகிறான், சாகிறான். பியோர்லிங் பாடினால் ஒரு ஆள் அழகாகப் பாடுகிறான். அவ்வளவே. நடிப்பும் வராது. குட்டையாக, உருண்டையாக, மேடையில் நட்ட தூண் மாதிரி நிற்பார்.

ஒரு பழைய இத்தாலியப் பாட்டுக்காரன் நடுவில் ஒரு விம்மல் விட்டால் நம் ஆட்கள் 'மிகை' என்கிறார்கள். எனக்கு அந்த விம்மல் வேண்டும்.

#4 மேல்ஸ்தாயி

நான் குரல் பயிற்சி சொல்லிக்கொடுப்பவள், கர்நாடக சங்கீதம். ஓபரா கொஞ்சம்தான் தெரியும். ஆனால் ஷெல்லாக் அண்ணா எழுதியதில் 'வயது நாலு' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

நாலு வயதில் மேடை, எட்டு வயதில் கடல் தாண்டிக் கச்சேரி. குழந்தையைக் கசக்கிப் பிழிந்தால் பதினைந்து வயதில் குரல் பாழாகிவிடும் என்பதுதான் நான் பார்த்தது. என் குரலே அப்படிக் கெட்டதுதான். எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர், பெயர் வேண்டாம், என் சுருதிக்கு ஒன்றரைக் கட்டை மேலே வைத்துப் பாடவைத்தார், போட்டியில் பரிசு வாங்க வேண்டும் என்று. பரிசு வாங்கினேன். பதினேழு வயதில் இரண்டு வருஷம் பாடவே முடியாமல் போயிற்று.

இவருக்கு எப்படித் தப்பியது? அப்பா என்ன சொல்லிக்கொடுத்தார் என்று யாருக்காவது தெரியுமா?

#5 ஷெல்லாக்_தட்டு

@மேல்ஸ்தாயி, நல்ல கேள்வி அம்மா. டேவிட் பாட்டுக் கற்பிப்பது பற்றி ஒரு சின்னப் புத்தகமே போட்டிருக்கிறார். பையன்களின் பழைய தட்டுகளைக் கேட்டால் ஒன்று புரிகிறது: அவர்கள் கத்தவில்லை. குழந்தைக் குரலைப் பெரிய ஆள் மாதிரி கனமாக்க முயலவில்லை. மெல்லிசாக, ஒட்டி ஒட்டி, ஒருவர் மற்றவர் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுகிறார்கள். நாலு பேர் சேர்ந்து துணையில்லாமல் பாடும்போது ஒருவன் சுருதி விலகினால் அடுத்தவன் திரும்பிப் பார்ப்பான். பதினோரு வருஷம் அந்தப் பழக்கம். பின்னாளில் பியோர்லிங் தட்டுகளில் சுருதி விலகல் தேடிப் பாருங்கள், கையளவுகூடத் தேறாது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். அப்பா போனபிறகு பிழைப்புக்கு யுஸ்ஸி கொஞ்ச நாள் ஈஸ்டாட் என்ற ஊரில் விளக்கு விற்கும் கடையில் வேலை பார்த்தார். 1928இல் ஸ்டாக்ஹோம் ராயல் ஓபராவின் தலைவர் ஜான் ஃபோர்செல் முன்னால் பாடிக் காட்டினார். ஃபோர்செல் தானே பெரிய பாரிட்டோன், கண்டிப்பானவர். பையனைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

1930 ஜூலையில் முதன்முதலாக ஓபரா மேடை ஏற்றினார்கள். என்ன வேஷம் தெரியுமா? புச்சினியின் 'மனோன் லெஸ்கோ'வில் தெருவிளக்கு ஏற்றுபவன். ஒரு நிமிஷம் வந்து போகிற பாத்திரம். விளக்குக் கடையில் இருந்த பையனுக்கு விளக்கு வேஷம்! ஆகஸ்டில் மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி'யில் டான் ஒட்டாவியோ, அதுதான் முறையான அரங்கேற்றம். அந்த வருஷ முடிவுக்குள் ரோசினியின் 'வில்லியம் டெல்'லில் ஆர்னால்ட். இருபது வயது ஆகாத பையனுக்கு ஆர்னால்ட் கொடுப்பது என்பது பைத்தியக்காரத்தனம். டெனருக்கு உச்சமான மேல் 'சி' சுரம் சும்மா சும்மா வந்துகொண்டே இருக்கும் வேஷம் அது. பாடிவிட்டார்.

#6 வடக்குச்சூரியன்

வணக்கம், நான் ஸ்வீடனில இருபது வருஷத்துக்கு மேல இருக்கிறன். சொந்த இடம் மன்னார் பக்கம். இந்த இழையைப் பார்த்திட்டுச் சிரிப்பு வந்தது, ஏனென்று சொல்லுறன்.

தேன்கூடு கேட்ட அந்தப் பாட்டு இருக்குதே, அந்த ஓபராக் கதை நடக்கிறதே இலங்கையிலதான். பண்டைய சிலோன், முத்துக் குளிக்கிற கரை, பிரம்மாவின் கோயில், விரதம் இருக்கிற பூசாரிப்பெண். 1863இல் பாரிஸில் முதல் மேடையேற்றம், பிஸேக்கு அப்ப 24 வயது. எழுதினவர்கள் முதலில் மெக்சிகோவில்தான் கதையை வைக்க நினைத்தவர்களாம், பிறகு சிலோனுக்கு மாற்றினவர்கள். அதால பாத்திரங்களின் பேர் நாடிர், ஸுர்கா, லேலா. எங்கட கரையில அப்படி ஒருத்தரும் இல்லை! எங்கட பக்கம் அரிப்புக் கரையில் உண்மையில முத்துக் குளித்தார்கள், மாதோட்டத்தில் உண்மையில பெரிய கோயில் இருந்தது. பாட்டில் ரெண்டுக்கும் இடமில்லை. ஆனாலும் அந்த இரட்டைப் பாட்டு வரும்போது நான் வாயை மூடிக்கொண்டுதான் கேட்பன்.

பியோர்லிங் இங்க வேறு மாதிரி. ஓபரா பக்கமே போகாத ஆட்களுக்கும் இவரைத் தெரியும். மார்கழியில 'ஓ ஹெல்கா நாட்' என்ற கிறிஸ்மஸ் பாட்டு, இவர் 1959இல் பாடினது, கடையில, வானொலியில, பக்கத்து வீட்டில எல்லா இடமும் கேட்கும். நான் இங்க வந்த முதல் மார்கழி, வேலையிடத்துச் சமையலறையில அந்தப் பாட்டு வந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற எல்லாரும் பேசாமல் நின்றவை. அப்ப எனக்கு ஸ்வீடிஷ் தெரியாது. யாரும் இறந்துபோட்டினமோ என்று நினைச்சன்.

#7 தேன்கூடு

@வடக்குச்சூரியன், சிலோன் கதையா! இத்தனை தடவை கேட்டுவிட்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேனே.

#8 நாலாம்_வரிசை

ஊர்க்காரர்கள் கொண்டாடுவதை வைத்து உணர்ச்சி இருக்கிறது என்று சொல்ல முடியாது. கிறிஸ்மஸ் பாட்டுக்கு எந்தக் குரலையும் கொண்டாடுவார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். குரல் சின்னது, மைக் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கியது என்று ஒரு பேச்சு உண்டே? இசைத்தட்டில் யாரையும் சிங்கமாக்கலாம்.

#9 ஒலிப்பொறி

என் தொழில் ஒலிப்பதிவு, அதனால் இதற்கு மட்டும் பதில்.

பியோர்லிங் பாடிய பழைய மெட்ரோபாலிட்டனில் 3,000க்கும் மேற்பட்ட இருக்கைகள். மைக் கிடையாது. குழியில் முழு வாத்தியக் குழு. 1938 நவம்பரில் அங்கே முதல் தடவை புச்சினியின் 'லா போயெம்' ஓபராவில் கதாநாயகன் ரொடால்ஃபோவாக ஏறினபோது அவருக்கு 27 வயது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில வருஷம் ஸ்வீடனிலேயே இருந்ததைத் தவிர, 1959 வரை அங்கே வந்து போய்க்கொண்டிருந்தார். கேட்காத குரலை இருபது வருஷம் யாரும் சம்பளம் கொடுத்துக் கூப்பிட மாட்டார்கள்.

எப்படிக் கேட்டது என்பதுதான் சுவாரசியம். வாத்தியக் குழுவின் சத்தத்தில் பெரும்பங்கு சக்தி 500 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் குவியும். மேலே போகப்போகச் சரியும். பயிற்சி பெற்ற ஓபரா ஆண் குரலில் 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் தனியாக ஒரு மேடு எழும்பும். குரல்வளையைச் சற்றுக் கீழே இறக்கி, அதற்கு மேலே உள்ள குழாயைக் குறுக்கினால் அந்த மேடு வரும். வாத்தியங்கள் ஓய்ந்துபோகும் இடத்தில் குரல் நிமிர்ந்து நிற்கிறது. கூட்டத்தை இடித்துத் தள்ளாமல் ஆள் இல்லாத சந்து வழியாக வெளியே வருவது போல.

இதை விளக்கியவர் யோஹான் சுந்த்பெரி, ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர். 1970களில் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடம் ஒன்று உண்டு: சாதாரணப் பேச்சு ஒரு கோடு, வாத்தியக் குழு ஒரு கோடு, வாத்தியத்தோடு ஒரு டெனர் பாடுவது இன்னொரு கோடு. அந்த டெனர் யார் என்று நினைக்கிறீர்கள்? பியோர்லிங்தான். பாடக் குறிப்புகளில் இன்றும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

@நாலாம்_வரிசை, அந்தப் பகுதியில் சக்தி அதிகமாக இருக்கும் குரலைக் காது 'வெள்ளி', 'பளபளப்பு', 'உலோகம்' என்றெல்லாம் சொல்லும். நீங்கள் 'சில்' என்பது அதைத்தானோ என்று எனக்குச் சந்தேகம். அது குரலின் நிறம். உணர்ச்சி வேறு கணக்கு.

#10 நாலாம்_வரிசை

நிறம் வேறு, உணர்ச்சி வேறு, சரி. ஒப்புக்கொள்கிறேன். சின்னக் குரல் என்றதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னது நிறத்தை இல்லை. அவர் ஒரு இடத்திலும் உடைவதில்லை. அதுதான் என் குறை.

#11 மேல்ஸ்தாயி

மேல் ஸ்தாயிக்குப் போவதைப் பற்றி ஒன்று சொல்லலாமா. ஒலிப்பொறி சொன்னபிறகு நான்கைந்து பாட்டுகள் உட்கார்ந்து கேட்டேன். டெனர் குரலில் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்கு மாறும் ஒரு படி இருக்கிறது. நம் ஆட்களுக்கும் மேல் ஸட்ஜமத்துக்குக் கீழே அந்தத் தொந்தரவு உண்டு, நாம் கமகத்தில் மறைத்துவிடுவோம். இவர்கள் நேர்க் கார்வை பிடிக்க வேண்டும், மறைக்க இடமில்லை. பெரும்பாலான டெனர்களிடம் அந்தப் படி காதுக்குத் தெரிகிறது. ஒரு தயாரிப்பு, ஒரு மூச்சு, அப்புறம் தாவல். இவரிடம் எனக்குத் தெரியவில்லை. 1938இல் பாடிய ரோசினியின் 'ஸ்டாபாட் மாட்டர்' பகுதியைக் கேட்டேன். மேல் 'சி'க்கும் அரைச் சுரம் மேலே போகிறார். எதையோ எட்டிப் பிடித்த சத்தமே இல்லை.

1956இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரெனாட்டா தெபால்டியோடு 'லா போயெம்' பகுதி பாடிய படச்சுருளும் பார்த்தேன். கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், தொழில் புத்தி. நரம்பு புடைக்கவில்லை.

நாலாம்_வரிசை அண்ணா, உடையாத மாதிரிப் பாடுவதற்குத்தான் நாலு வயதிலிருந்து அவருக்குச் சம்பளம். உடைந்தால் அப்பா திட்டியிருப்பார். அதனால் அது உணர்ச்சி இல்லாததா, உணர்ச்சியைக் காட்டக்கூடாது என்ற பழக்கமா?

#12 ஷெல்லாக்_தட்டு

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1932, 33 வாக்கில் இவர் 'எரிக் ஓதே' என்ற பொய்ப்பெயரில் நடனப் பாட்டுகள் பாடித் தட்டு போட்டிருக்கிறார். ராயல் ஓபராப் பாடகர் ஜாஸ் குழுவோடு பாடுவது அந்தஸ்துக்குக் குறைச்சல், ஆனால் காசு வேண்டுமே. அந்தத் தட்டுகளில் மனிதர் குறும்பாக, இளித்துக்கொண்டு பாடுவது கேட்கும். ஆக உள்ளே எல்லாம் இருந்தது.

அப்புறம் மொழி. ஸ்டாக்ஹோமில் அந்தக் காலத்தில் எல்லா ஓபராவையும் ஸ்வீடிஷில்தான் பாடுவார்கள். வெர்டி, புச்சினி, குனோ, எல்லாம். இவர் வேஷங்களைப் பெரும்பாலும் முதலில் ஸ்வீடிஷில்தான் கற்றார். இத்தாலியில் பிறந்தவனுக்கு 'அமோர்' என்ற சொல் அம்மா மடியில் வந்தது. இவருக்கு அது மனப்பாடம். நாலாம்_வரிசை குறைப்படும் அந்த ஓரத்தில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்பது என் எண்ணம். ஸ்வீடிஷ் பாட்டுகளைக் கேளுங்கள். 'டில் ஹாவ்ஸ்' என்று ஒரு கடல் பாட்டு இருக்கிறது. அதில் யாரும் சில்லென்று சொல்ல முடியாது.

#13 வடக்குச்சூரியன்

'டில் ஹாவ்ஸ்'! அதைக் காரில போட்டால் வேகக் கட்டுப்பாடு மறந்துபோகும்.

#14 தேன்கூடு

வேடிக்கை ஒன்று. 1956 'லா போயெம்' முழுசாகக் கேட்டேன் (தாமஸ் பீச்சம் நடத்தியது, விக்டோரியா டி லாஸ் ஏஞ்சலெஸ் கதாநாயகி மிமி). ரொடால்ஃபோவின் பெரிய பாட்டின் முதல் வரிக்கு அர்த்தம் பார்த்தால் 'எவ்வளவு சில்லென்ற சின்னக் கை, நான் சூடாக்குகிறேன், கொடு' என்று வருகிறது. இருட்டில் சாவியைத் தேடுகிற சாக்கில் கையைப் பிடிக்கிறான் கில்லாடி. சில்லென்ற குரல் என்று நாம் சண்டை போடும் ஆள், சில்லென்ற கையைப் பற்றிப் பாடுகிறார்!

ஆனால் நிஜமாகச் சொல்கிறேன், 'சூடாக்குகிறேன்' என்று வரும் இடத்தில் குரல் மெதுவாகக் குழைகிறது. எனக்குச் சில்லென்று இல்லை.

#15 நாலாம்_வரிசை

பீச்சம் பதிவுக்கு விதிவிலக்கு கொடுத்துவிடுகிறேன். அதைப் பிடிக்காதவன் காதை அடகு வைத்திருக்க வேண்டும்.

குடி பற்றி யாரும் பேசவில்லையே?

#16 ஷெல்லாக்_தட்டு

பேசாமல் இருந்தது வேண்டுமென்றேதான். ஆனால் கேட்டுவிட்டீர்கள்.

இருந்தது. தினமும் குடிக்கிற ஆள் இல்லை. மாதக்கணக்கில் தொடமாட்டார், தொட்டால் நிறுத்த முடியாது. மனைவி அன்னா-லீசா, அவரும் பாடகி, 1935இல் கல்யாணம், இதைப் பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். கச்சேரி ரத்து, ஒத்திகைக்கு வராமை என்று பல இடத்தில் பெயர் கெட்டது. கூடவே இதய நோய். இரண்டில் எது எதைப் பெரிதாக்கியது என்று வெளியிலிருந்து நாம் தீர்ப்பு சொல்வது சரியில்லை.

1960 கோடையில் ரோமில், ஜார்ஜ் சோல்ட்டி நடத்த, வெர்டியின் 'முகமூடி நடனம்' ஓபராவை டெக்கா இசைத்தட்டுக் கம்பெனி பதிவு செய்ய ஆரம்பித்தது. பாதியில் நின்றது. அடுத்த வருஷம் கார்லோ பெர்கோன்ஸியை வைத்து முடித்தார்கள். தயாரிப்பாளர் ஜான் கல்ஷா குற்றத்தை பியோர்லிங் தலையில் வைத்து எழுதினார். அன்னா-லீசா சொன்ன கதை வேறு. இரண்டு பேரும் அந்த அறையில் இருந்தவர்கள், இரண்டு பேருக்கும் காயம். நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேன்.

#17 மேல்ஸ்தாயி

பாவம் அந்த மனுஷன்.

#18 ஷெல்லாக்_தட்டு

அதே 1960 மார்ச் 15, லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கு. 'லா போயெம்'. அரசித் தாயார் வந்து உட்கார்ந்திருக்கிறார். திரை தூக்கும் முன்பே இவருக்கு மாரடைப்பு. வேறு யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். இவர் தாமதமாக மேடைக்கு வந்து ஓபரா முழுவதும் பாடி முடித்தார்.

ஜூனில் வியன்னா போய் ஃபிரிட்ஸ் ரைனர் நடத்திய வெர்டியின் 'ரெக்வியம்' பதிவில் பாடினார், லியோன்டைன் பிரைஸ் எல்லாம் கூட இருக்க. அவர் பாடிய கடைசி முழுப் பதிவு. இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை. ஆகஸ்ட் 5 கோத்தன்பர்க்கில் கச்சேரி, அது வானொலிப் பதிவாகக் கிடைக்கிறது. ஆகஸ்ட் 20 ஸ்டாக்ஹோம் ஸ்கான்செனில் திறந்தவெளியில் பாடினார். செப்டம்பர் 9 அன்று, ஸ்டாக்ஹோமுக்கு வெளியே சியாரோ தீவில் தன் கோடை வீட்டில் போய்விட்டார். வயது 49.

#19 வடக்குச்சூரியன்

கல்லறை ஸ்டூரா தூனா தேவாலய வளாகத்தில, பிறந்த ஊருக்குப் பக்கத்தில. போர்லெங்கேயில 1994இல இருந்து அவருக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கு. ஒருமுறை மகளோட போனன். அவளுக்குப் பத்து வயது, வர விருப்பமில்லை. உள்ளே குழந்தைகள் நால்வர் குழுவின் படம் இருந்தது. டாலர்னா ஊர் உடுப்போட மூன்று பையன்கள். அவள் கன நேரம் பார்த்திட்டுக் கேட்டாள், 'இவை பள்ளிக்கூடம் போறேல்லையா?'

எனக்குப் பதில் தெரியேல்ல.

#20 நாலாம்_வரிசை

கோத்தன்பர்க் பதிவை நேற்று ராத்திரி கேட்டேன். சிபெலியுஸ் பாட்டுகள், அப்புறம் 'லோஹென்க்ரின்' கடைசிப் பகுதிப் பாட்டை ஸ்வீடிஷில். வாக்னரை மேடையில் பெரிதாகத் தொடாத ஆள்.

ஐந்து வாரத்தில் சாகப்போகிற மனிதன் என்று தெரிந்துகொண்டு கேட்கிறோம். அதனால் நம் காதே ஏமாற்றும், அதை ஒதுக்கிவைத்துத்தான் கேட்டேன். சுருதி அசையவில்லை. மூச்சு குறையவில்லை. இளவயதில் இல்லாத ஒரு கருமை குரலின் அடியில் வந்திருக்கிறது. ஆனால் இப்போதும் உடையவில்லை. விம்மவில்லை. என் கட்சியிலிருந்து பார்த்தால் என் வாதம் அப்படியே நிற்கிறது. மேல்ஸ்தாயி கேட்ட கேள்விக்கும் பதில் இல்லை.

ஒன்று மட்டும். மார்ச்சில் அந்த லண்டன் ராத்திரி, நெஞ்சு வலியோடு அவர் எப்படிப் பாடினார் என்று இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. டி ஸ்டெஃபானோவால் முடிந்திருக்காது. கொரெல்லிக்கு நல்ல நாளிலேயே மேடைக்கு வர பயம்.

#21 ஒலிப்பொறி

தொழில்காரனாக ஒரு சின்னச் சேர்க்கை. 1920இல் புனல் முன்னால் ஒன்பது வயதுப் பையன். 1929 முதல் மைக் வைத்த 78 சுற்றுத் தட்டுகள், பக்கத்துக்கு நாலு நிமிஷம் சொச்சம், பெரும்பாலும் நில்ஸ் கிரெவிலியுஸ் நடத்தியவை. ஐம்பதுகளில் எல்பி. 1957 'டோஸ்கா', 1959 'டுரான்டோட்' (பிர்கிட் நில்சன், தெபால்டி) என்று வரும்போது ஸ்டீரியோ. ஒலிப்பதிவின் நாலு காலத்தையும் ஒரே தொண்டை பார்த்திருக்கிறது. வேறு டெனர் யாராவது உண்டா? யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

தேன்கூடு, வாங்குவதானால் 'டுரான்டோட்' ஓபராவில் வரும் 'நெஸ்ஸுன் டோர்மா' பாட்டின் 1944 தட்டின் நல்ல மறுபதிவு ஒன்றைத் தேடுங்கள். இரைச்சலை முழுக்கத் துடைத்துவிட்ட பதிப்புகளில் நான் சொன்ன அந்த 3,000 ஹெர்ட்ஸ் பளபளப்பும் சேர்ந்து போயிருக்கும். கொஞ்சம் 'கரகர' இருந்தால் பரவாயில்லை.

#22 தேன்கூடு

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக இதே வேலை.

ஷெல்லாக் ஐயா, விளக்கு ஏற்றுபவன் கதை மனதில் ஒட்டிக்கொண்டது. அதனால் 'மனோன் லெஸ்கோ' முழுப் பதிவு தேடினேன். 1954இல் ரோமில் எடுத்தது, பெர்லேயா நடத்தியது, லிச்சியா அல்பனேசே மனோன். பியோர்லிங் இதில் கதாநாயகன் டே கிரியு. மூன்றாம் அங்கம், துறைமுகம், விடியும் முன். சிறை ஜன்னல் கம்பி வழியே அவனும் அவளும் கைகோத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது விளக்குக்காரன் வருகிறான். தன்பாட்டுக்கு ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்து, விடிந்துவிட்டதென்று விளக்கை அணைத்துவிட்டுப் போகிறான். அவன் போகும்வரை பியோர்லிங் பாடாமல் காத்திருக்கிறார்.

அந்த இடத்தை மட்டும் நாலு தடவை திருப்பிப் போட்டேன். விளக்குக்காரனாகப் பாடியவர் யார் என்று அட்டையில் பார்க்க வேண்டும்.